டவருக்கு அடுத்த வீட்டுக்காரி

அந்த ஊர் ஏ.எம். வானொலி நிலையம் பிறந்தது சைக்கிள் கடை மாடியில், இரண்டே அறையில். ஒன்றில் அறிவிப்பாளர், இன்னொன்றில் இன்ஜினியர். மேலாளருக்கு மாடிப்படிதான் ஆபீஸ். டவர் நட மட்டும் அங்கே இடமில்லை. அதை ஊர்க்கோடியில், ஒரு தையல்காரியின் வீட்டுக்குப் பின்னால் கிடந்த பொட்டலில் நட்டார்கள்.

தையல்காரிக்கு மெஷின் ஓடும் வேகத்துக்கு வாயும் ஓடும். அவள் வீட்டுக்காரர் நேர்மாறு. பஸ் டிரைவர், ஹாரனைக்கூட யோசித்துத்தான் அடிப்பார்.

ஒலிபரப்பு தொடங்கிய காலையில் அவர் பின்வாசலில் முகம் மழித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே, மழைத்தண்ணீர் வடியும் தகரக் குழாய், "நேயர்களுக்கு வணக்கம்!" என்றது. ஒரு கன்னத்து நுரையோடு மனுஷன் உள்ளே பாய்ந்தார்.

"ஏய், குழாய் பேசுது!"

"நீங்க பேசுறதே அதிசயம். என்ன சொல்லுது?"

"வணக்கம் சொல்லுது."

"பதிலுக்குச் சொன்னீங்களா இல்லையா?"

சிரித்துக்கொண்டே வந்தவள் குழாயில் காதை வைத்தாள். உள்ளே பாட்டுக் கச்சேரியே நடந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான், பாதி மழித்த கணவரைக் கையோடு இழுத்துக்கொண்டு சைக்கிள் கடை மாடி ஏறிவிட்டாள்.

"எங்க வீட்டுக் குழாய்க்குள்ள யாரு சார் புகுந்தது?"

இன்ஜினியர் ஓடி வந்து பார்த்தார். இரண்டு தகரம் சேருகிற இடத்தில் துரு. டவர் இத்தனை கிட்டத்தில் இருப்பதால் அந்தத் துருவே ரேடியோ வேலை பார்க்கிறதாம். மனிதர் சந்தோஷத்தில் குழாயைக் கட்டிக்கொண்டு குதித்தார். "துருவைச் சுரண்டி, ஈயம் வெச்சுப் பத்தவெச்சா நின்னுடும். நிறுத்திடவாம்மா?"

"கரன்ட் இல்லாம பாடுது, அதைப் போய் நிறுத்துவாங்களா?"

அன்று முதல் தெருப் பெண்கள் தைக்கத் துணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே கூடினார்கள். மழை வரும் என்று குழாய் சொன்னால், "வந்துதான் பாரேன், என் துணி இன்னும் காயலை" என்று தையல்காரி மல்லுக்கு நிற்பாள்.

விஷயம் கேட்டு மேலாளருக்கு மூக்கு வேர்த்துவிட்டது. நிலையத்தின் முதல் ஆண்டு விழாவுக்கு அந்தக் குழாயடியிலிருந்தே நேரடி ஒலிபரப்பு என்று அறிவித்தார். புதுச்சட்டை போட்ட அறிவிப்பாளர், "நேயர்களே, இதோ கேளுங்கள்!" என்று மைக்கைக் குழாய் வாயில் நீட்டினார்.

மைக்கில் போனது டவரில் ஏறி, குழாயில் இறங்கி, மறுபடி மைக்கில் நுழைந்தது. "ஊஊஊய்ங்!" ஊரிலிருந்த அத்தனை ரேடியோவும் ஒரே நேரத்தில் ஊளையிட்டன. தெருநாய்கள் சும்மா இருக்குமா? அவையும் சேர்ந்துகொண்டன. பதறி ஓடிய அறிவிப்பாளர் ஒயரில் கால் சிக்கி, தைத்த துணிக் கூடைக்குள் தலைகுப்புற விழுந்தார். மைக் உருண்டு தையல்காரியின் காலடிக்கு வந்தது. ஊளை நின்றது. அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்பு குழாய் வழியாகத் திரும்பி வர, அதைக் கேட்டு இன்னும் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தே விட்டாள்.

"போச்சு, நிலையத்தையே இழுத்து மூட வேண்டியதுதான்!" என்று மேலாளர் தலையில் கைவைத்தார். ஆனால் மாடியில் போன் ஓயவில்லை. கேட்டவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றே: "அந்தம்மா இன்னொரு தடவை சிரிப்பாங்களா?"

மேலாளர் குழைந்துகொண்டு வந்தார். "வாரம் அரை மணி நேரம் வந்து பேசுறீங்களாம்மா?"

"அரை மணி நேரத்துல நான் தொண்டையைத்தான் சார் செருமி முடிப்பேன்."

ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். முதல் நாள் ஸ்டூடியோவில் உட்கார்ந்ததும் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் கையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். கடைசியில், "எங்க வீட்டுக்காரர் ஒரு நாள் பாதி முகத்தோட..." என்று ஆரம்பித்தாள். பிறகு அவளை நிறுத்தத்தான் ஆளில்லை.

நிலையம் பெரிதாகிச் சொந்தக் கட்டடத்துக்குப் போனது. அறிவிப்பாளர்கள் வந்தார்கள், போனார்கள். வாரம் தவறாமல் அவள் குரல் மட்டும் வந்தது. அந்த நேரத்தில் டிரைவர் எந்த நிறுத்தத்தில் இருக்கிறாரோ அங்கேயே பஸ்ஸை ஓரங்கட்டி, டிரான்சிஸ்டரைத் திருப்புவார்.

"வண்டியை எடுங்க சார், லேட்டாகுது!" என்றார் புதிதாக ஏறிய பயணி ஒருவர்.

"உட்காருங்க. அவ மூச்சு விடட்டும், எடுக்கிறேன்."

பயணி கோபமாக டிப்போவுக்குப் புகார் சொல்லப் போனார். அங்கே மேனேஜர் வாயில் விரல் வைத்து, "உஷ்! விளம்பரம் வரட்டும்" என்றார்.