முடிச்சு போட்ட நேரம்

ஹாஜெராவின் விரல்கள் பிளாஸ்டிக் பையின் கழுத்தை முறுக்கி, மடித்து, ரப்பர் பேண்டை இறுகச் சுற்றின. பையில் கொஞ்சம் உப்புத்தண்ணீர், மிச்சமெல்லாம் ஆக்சிஜன், இமைமுடி கனத்தில் ஐயாயிரம் இறால் குஞ்சுகள். இது பன்னிரண்டாவது பை. இன்னும் எட்டு.

தரகன் ருஸ்தி போனை நீட்டினான். "பாருங்கக்கா. மக்காசார்லேருந்து தாராக்கான், தொள்ளாயிரத்து அறுபது கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரம். நீங்க என்னமோ மெக்காவுக்கு அனுப்புற மாதிரி ஐஸ் வைக்கிறீங்க."

"நான் கவுன்டர்ல காத்துக் கிடக்கறது உன் போன்ல இருக்கா? அங்க எறங்கி படகுல போறது?"

ஹாஜெரா மக்காசாரை அடுத்த மாரோஸில் பத்தொன்பது வருடமாகப் பை கட்டுகிறாள். விமானத்தில் ஏறியதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு பை கூடுதலாகக் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போய் அடுப்படி மேசைக்குக் கீழே வைப்பாள். குஞ்சுகள் மூச்சு முட்டிப் பக்கவாட்டில் சாயும் நேரத்தைக் காலண்டரில் எழுதுவாள். பைக்கு ஐயாயிரம் என்றால் பத்து மணி நேரம் தாங்கும். மூவாயிரம் என்றால் பதினாறு.

இன்றைய பைகள் தாராக்கான் பக்கம் இறால் குளம் வைத்திருக்கும் அவள் தங்கை சுஹார்னிக்கு. போன முறை நேர் விமானம் என்று நம்பி ஐயாயிரம் போட்டாள். விமானம் வழியில் பாலிக்பாப்பானில் இறங்கிக் காத்திருந்தது. பாதிக்கு மேல் செத்துப் போயிற்று. இந்த முறையும் குளம் காலியானால் தங்கை புருஷன் மலேசியாவுக்கு எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் குலை வெட்டப் போய்விடுவான். இன்றும் நேர் விமானம்தான் என்று ருஸ்தி சத்தியம் செய்திருந்தான். அப்படியானால் குளம் சேர எட்டு மணி நேரம். ஆனாலும் கட்டும்போதெல்லாம் அவள் கண் கடிகாரத்துக்கே போனது.

ருஸ்தியின் போன் அடித்தது. கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். "பதினோரு மணி விமானம் பாலிக்பாப்பான் வழியாத்தான் போகுதாம். மூணு மணி நேரம் நிக்குமாம்."

"பதினோரு மணி நேரம் ஆயிடும். எல்லாத்தையும் அவுத்துடு. பைக்கு மூவாயிரம்தான்."

"பன்னெண்டு பையா? பெட்டிக்கு ஒரு பைன்னு இருபது பெட்டிக்குத்தான்கா விமானத்துல இடம் வாங்கியிருக்கேன்! அறுபதாயிரம்தான் போகும்."

தங்கையைக் கூப்பிட்டாள்.

"அக்கா, என் குளத்துக்கு ஒரு லட்சம் வேணும். பாதிக் குளத்த வச்சு நான் என்ன பண்றது?"

"போன தடவை லட்சம் அனுப்பினேனே, எத்தனை பொழச்சுது?"

"அவர் மலேசியாவுக்குப் பெட்டி கட்டி வச்சிருக்காருக்கா" என்றாள் சுஹார்னி.

"இன்னிக்கி ராத்திரி குளத்துல எறங்கி, உசுரோட இருக்கறத அவரையே பாக்கச் சொல்லு. மிச்சத்த அடுத்த வாரம் அனுப்பறேன்."

ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் மூவாயிரம் எண்ணிப் போட்டாள். மற்றக் கிண்ணங்களை அதன் பக்கத்தில் வைத்து, குஞ்சு நெரிசலில் நீர் கறுப்பது ஒத்துப்போகும்வரை குஞ்சுகளை அள்ளிப் போட்டாள். ருஸ்தி ஆக்சிஜன் குழாயைப் பிடித்துக்கொண்டான். எட்டு மணிக்கு இருபது பை முடிந்தது. இருபத்தொன்றாவதையும் கட்டினாள்.

விமான நிலையச் சரக்குக் கவுன்டரில் ஊழியன் பாக்ரி பெட்டிகளை எடை போட்டான். ஒவ்வொரு மூடியிலும் 'கட்டியது 8:00' என்றிருந்தது.

"விமானம் கெளம்பற நேரத்தத்தானேக்கா எல்லாரும் எழுதுவாங்க?"

"குஞ்சு அப்பவே கெளம்பிடுச்சு."

"மடியில இருக்கற பை?"

"அது என் வீட்டுக்கு."

மடிப் பையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையால் கடைசிப் பெட்டியை அவன் பக்கம் தள்ளினாள்.