மூன்று குருவித் தோரணம்

காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும், முன்பின் அறியாத ஓர் அமெரிக்கக் குழந்தையின் தொட்டிலுக்கு ரிப்பன் கட்டுவதுதான் என் முதல் வேலை. கோயம்புத்தூர் காந்திபுரத்தில் ஒரு மாடியறை, மூன்று கம்ப்யூட்டர்கள், ஓயாமல் இரையும் ஒரு மின்விசிறி. அமெரிக்காவில் குடும்பப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பூவும் பொத்தானும் ஒட்டி ஆல்பம் செய்கிறார்கள். அதற்கு ஸ்கிராப்புக் என்று பெயர். அதற்கு வேண்டிய அலங்கார எழுத்துகளையும் கரைகளையும் மூலைப்பூக்களையும் நாங்கள் வரைந்து, சிடியில் பதிந்து அனுப்புகிறோம். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு ஆல்பம் இப்போது எந்த மண்ணுக்குள் கிடக்கிறதோ தெரியாது. நான் இங்கே ஊரார் பிள்ளைகளின் படங்களுக்குச் சரிகை வைத்துக்கொண்டிருக்கிறேன். இதை ஊரிலிருந்து படிக்கும் உங்களுக்கு எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் நான் சொல்ல வந்த வெட்கம் இதுவல்ல.

இந்த ஊரில் யாரும் என்னை மரியாதைக் குறைவாக நடத்தியதில்லை. அறை தேடி அலைந்தபோது இரண்டு வீடுகளில், "இலங்கைங்களா? தப்பா நெனச்சுக்காதீங்க, நமக்கு வேண்டாமுங்க" என்று கும்பிட்டுத்தான் கதவைச் சாத்தினார்கள். மூன்றாவது வீட்டில் நாகர்கோவில் என்றேன். என் பேச்சைக் கேட்டவர்களுக்கு அது பொருந்திப் போயிற்று. வேலை கேட்டுப் போன இடத்திலும் அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல வாய்க்குப் பழகிவிட்டது. எனக்கு இல்லாத ஓர் ஊரின் மழையைப் பற்றியும் மீனைப் பற்றியும் சரளமாகக் கதைவிட்டேன்.

முதலாளி பழனிச்சாமி பெருந்துறைக்காரர். சத்தம் போட்டுச் சிரிப்பவர், சம்பளத்தைத் தேதி தவறாமல் கொடுப்பவர். ஒருநாள் என் பின்னால் வந்து நின்று, "ஏனுங்க தம்பி, ரோசாப்பூவையே எத்தன நாளைக்குங்க போடறது? உங்க ஊர்ப்பக்கத்து டிசைனு ஏதாச்சும் போட்டு உடுங்க" என்றார். நான் யோசிக்கவே இல்லை. கை தானாகக் குருத்தோலைத் தோரணம் ஒன்றை வரைந்தது. ஆங்கில எழுத்துகள் இருபத்தாறிலும் அதைத் தொங்கவிட்டேன், கரையாகவும் ஓட்டினேன். பச்சையும் இளமஞ்சளுமாக நன்றாகத்தான் வந்தது.

அமெரிக்காவிலிருந்து பாராட்டி மின்னஞ்சல் வந்தது. அந்தச் சின்னப் பறவைகள் அழகாக இருக்கின்றன, இன்னும் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். கூடவே மாதிரிக்கு ஒரு பக்கம். பிறந்து பத்து நாளான குழந்தை ஒன்று கண்மூடித் தூங்குகிறது, சுற்றிலும் என் தோரணம். அப்போதுதான் எண்ணினேன். ஒவ்வொரு ஓலையிலும் மூன்று முடிச்சு.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தோரண ஓலையில் குருவி மாதிரி முடிச்சுப் போடுவோம். கல்யாண வீட்டுக்கு நான்கு, செத்த வீட்டுக்கு மூன்று. நான் கடைசியாகத் தோரணம் கட்டியது அப்பாவுக்கு. இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் ஒதுங்கியிருந்த வீட்டில் காய்ச்சலோடு கிடந்து போனார். கட்ட வேறு ஆளில்லை. கொள்ளி வைக்க வேண்டிய நானே ஒழுங்கைச் சந்து முழுக்க ஓலையும் கட்டினேன். மனம் அதை மறந்திருந்தது, விரல் மறக்கவில்லை.

அன்றைக்கே நான்காவது முடிச்சைச் சேர்த்திருக்கலாம். அரை மணி நேர வேலை. ஆனால் சிடி போய்விட்டது, பாராட்டும் வந்துவிட்டது, இனி ஏன் மாற்றுகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது? கடல் தாண்டிய குழந்தைக்கு இதெல்லாம் தெரியவா போகிறது என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து முதலாளி அச்சடித்த அட்டைக் கட்டு ஒன்றை என் மேசையில் வைத்தார். மகளின் கல்யாணப் பத்திரிகை. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. சுற்றிலும் மூன்று குருவித் தோரணம்.

"சொல்லாமச் செஞ்சுபோட்டேன் தம்பி. நம்மூட்டு விசேசத்துக்கு உங்க கைவேலை இல்லாம எப்படிங்க?"

"ஐயா..." என்று எழுந்தேன்.

"சொல்லுங்க தம்பி."

"கலர் கொஞ்சம் மங்கலா விழுந்திருக்குங்க."

"அட, அது கெடக்குது உடுங்க!" என்று முதுகில் தட்டினார்.

கல்யாணம் பெருந்துறையில். பந்தியில் என் பக்கத்தில் ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார். உட்காரும் முன்பே முதலாளியின் மனைவி எல்லாரிடமும், "எங்க இலங்கை அக்கா. பொண்ணுக்கு ஜாக்கெட்டு பூராத்தையும் இவிங்கதான் தெச்சாங்க" என்று பெருமையாக அறிமுகம் செய்தார். யாரும் முகம் சுளிக்கவில்லை. நான் மூன்று வருடமாக மூடி வைத்ததை அந்த அம்மா சேலைத் தலைப்பைப் போலச் சாதாரணமாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் மடியிலிருந்து பத்திரிகையை எடுத்தார். "தம்பி, உந்தத் தோரணம் ஆர் கீறினது எண்டு தெரியுமோ? மூண்டு குருவியெல்லோ கிடக்கு."

"தெரியாதுங்க. நான் நாகர்கோவிலுங்க" என்றேன்.

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். "அக்கா, அந்தப் பத்திரிகைய வரஞ்சது நம்ம தம்பிதானுங்க!"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். இப்போது காட்டிக்கொடுப்பார் என்று காத்திருந்தேன். அவர் பத்திரிகையை மடித்து, "நல்ல வடிவாக் கீறியிருக்கிறார்" என்று முதலாளியிடம் சொன்னார். பிறகு என் பக்கம் குனிந்து, மெல்லக் கேட்டார்: "அப்பாவோ தம்பி, அம்மாவோ?"

யாருடைய சாவுக்குக் கட்டிய விரல் என்று கேட்கிறார்; நான் இலையில் சோற்றை அளைந்தேன். முதலாளி சிரித்தார். "உங்க பேச்சு நாகர்கோயில்காரருக்கு லேசுல வெளங்காதுங்க அக்கா. தம்பி, உங்க அப்பா அம்மாவெல்லாம் சௌக்கியமான்னு கேக்கறாங்க."

என் தாய்மொழியை எனக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறார். இப்போதுதான் புரிந்தது போல நானும் தலையாட்டினேன்.

"அப்பா ஊர்ல நல்லாருக்காருங்க" என்றேன், அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தே.