மூன்று படங்களை ஒன்றாக்கப் போய்

அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட இரண்டு நாள்தான் இருந்தது. மூன்று வயது மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு படம் வேண்டும், அங்கே போனால் பார்த்துக்கொள்ள என்றாள். போனிலேயே எடுத்திருக்கலாம். நான்தான் கேட்கவில்லை. பதுளையில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்து, பழைய கமரா ஒன்றை வாங்கி, எச்.டி.ஆர். மென்பொருளை லெப்டொப்பில் இறக்கியிருந்த வாரம் அது. தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டிருந்தேன்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வாசலில் யாரை நிறுத்தி எடுத்தாலும் ஒரே தொல்லை. முகம் தெரிந்தால் பின்னால் நமுனுகுல மலை வெளுத்துப்போகும். மலை தெரிந்தால் முகம் கரியாகும். வெளிச்சத்தைக் கூட்டி ஒன்று, குறைத்து ஒன்று, நடுவாக ஒன்று எடுத்துக் கொடுத்தால், மென்பொருள் மூன்றையும் சேர்த்து முகம், மலை இரண்டையும் காட்டும். மூன்றும் எடுத்து முடியும்வரை யாரும் அசையக் கூடாது, அவ்வளவுதான்.

"அக்கா, பாப்பாவ அசையாம புடி."

"நா புடிச்சிருவேன், இவ இருக்கணுமே! மீனாட்டம் நெளியிறா. போன்ல சட்டுனு எடுத்துருடா."

"போன்ல மல சரியா வராதுக்கா."

"எனக்கு எதுக்குடா மல?"

அது என் காதில் ஏறவே இல்லை. மூன்று தரம் அமுக்கினேன்.

சேர்ந்து வந்த படத்தில் என் கண் நேரே மலைக்குத்தான் போனது. ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது. ஸ்டூடியோவில் எல்லோரிடமும் காட்டிப் பீற்றிக்கொண்டேன். அதுதான் ஒன்றாகிவிட்டதே, இனி எதற்கு இவை என்று அந்த மூன்று படங்களையும் அழித்தேன். என்னைப் போல ஒரு மடையன் உண்டா?

புறப்படும் அவசரத்தில் படத்தைக் கொடுக்க மறந்துபோனது. அங்கே போய்ச் சேர்ந்து அவள் கேட்டபோதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். அக்கா தெளிவாக இருந்தாள். இடுப்பில் இருந்த பிள்ளைக்கு மூன்று காது, பாதி மூக்கு. கண் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பலாய் ஏதோ கலங்கிக் கிடந்தது.

அசைந்ததைச் சரிசெய்ய மென்பொருளில் ஒரு பொத்தான் இருந்தது. அதற்கு அந்த மூன்று படங்களும் வேண்டுமாம். கண்டதையெல்லாம் அமுக்கிப் பார்த்தேன். மலை இன்னும் பளிச்சென்று ஆனது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வேறு வழியில்லாமல் அதையே அனுப்பினேன்.

"பாப்பா மூஞ்சி எங்கடா?" என்று மட்டும் கேட்டாள்.

பிள்ளையை மட்டுமாவது ஒழுங்காக எடுத்து அனுப்பலாம் என்று மறுநாள் அதே வாசலில் உட்கார வைத்தேன். அசையாதே என்று நான் சொல்லவில்லை. மூன்று தரம் அமுக்கி, மூன்றையும் மென்பொருளில் போட்டேன். ஒரு பிசகும் இல்லாமல் சேர்த்துக் கொடுத்தது, காது, மூக்கு, கண் எல்லாம் அதனதன் இடத்தில். அம்மா போன நாளிலிருந்து பிள்ளை அப்படித்தான் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் படத்தை அக்காவுக்கு அனுப்ப எனக்கு இன்னும் மனம் வரவில்லை.