தாசில்தார் பெயரில் சாவித்திரி அக்கா

சாவித்திரி அக்காவைத் தாலுகா ஆபீசில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கம்ப்யூட்டரம்மா என்பார்கள். பட்டா மாற்ற வந்தவர்களும் குத்தகைக்காரர்களும் அப்படித்தான், கரை வேட்டிக்காரர்களும் அப்படித்தான். ஆபீசுக்கு எதிரே ஜெய்னுலாபுதீன் பாயின் ஜெராக்ஸ் கடையில் நான் வேலை பார்த்தேன். மதியம் அக்கா டப்பாவோடு எங்கள் கடைக்கு வந்துவிடுவார். உள்ளே பெண்கள் சாப்பிட இருந்த அறையில் போன தேர்தலின் தட்டிகளையும் சணல் கட்டுகளையும் போட்டுப் பூட்டியிருந்தார்கள்.

அவருடைய அப்பா பஸ் கண்டக்டர். அக்கா கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்திருந்தார். நிலப் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய வருடம் தற்காலிகமாக எடுத்தார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் நிரந்தரம் ஆக்குவதாகப் பேச்சு வரும். ஆட்சி இரண்டு முறை மாறியது. தாசில்தார் அறையில் சுவர்ப் படங்களைக் கழற்றி மாட்டினார்கள். அக்கா அதே நாற்காலியில் இருந்தார்.

அந்த ஆபீசில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த மாற்றத்துக்கும் தாசில்தார் தன் கடவுச்சொல்லைப் போட்டு ஒப்புதல் தர வேண்டும். ஆனால் எந்தத் தாசில்தாரும் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. வைத்தியலிங்கம் சார் பொறுப்பேற்ற அன்றே சொல்லிவிட்டார். "நீயே ஏதாச்சும் வச்சுக்கம்மா. எனக்குத் தெரிஞ்சா மறந்துடுவேன்." உள்ளே இருந்து அவர் குரல் கொடுப்பார். அக்கா வெளியே கம்ப்யூட்டரில் அவராக நுழைந்து ஒப்புதல் கொடுப்பார். அது வேலை என்றே எல்லோரும் நினைத்தார்கள். அக்காவும் நினைத்தார்.

தை அறுப்பு முடிந்த சமயம் ஒரு காலையில் உள்ளிருந்து குரல் வந்தது.

"செம்பியன்வாய்க்கால் நாகநாதன்னு ஒரு குத்தகைப் பதிவு இருக்கும். அஞ்சு மா. அந்தப் பேரை எடுத்துடும்மா."

"விசாரணை உத்தரவு இருக்குங்களா சார்?"

"ஆளு செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு. சுடுகாட்டுல போயா விசாரிக்கிறது? எடு."

குத்தகைதாரர் இறந்தால் வாரிசுகளைக் கூப்பிட்டு விசாரிக்காமல் பெயரை நீக்கக் கூடாது. அக்காவுக்கு அது தெரியும். உள்ளே வைத்தியலிங்கம் சாருக்கு எதிரில் அரிசி ஆலை பஞ்சநதம் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஆளுங்கட்சியில் அவருக்கு ஏதோ பொறுப்பு. அந்த ஐந்து மா வயலை, ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல், சென்னையில் இருந்த நிலத்துக்காரரின் பேரனிடம் விலை பேசியிருந்தார். குத்தகைதாரர் பெயர் இருக்கிற நிலத்துக்கு வங்கி கடன் தராது. அக்கா பெயரை எடுத்தார்.

கொஞ்ச நாளில் நாகநாதனின் மகன் காயாரோகணம் வந்தார். சொசைட்டியில் உரம் வாங்க, தான்தான் சாகுபடி செய்வதாகக் காட்ட ஒரு நகல் வேண்டும். ஐம்பது வயது ஆள். கையில் செருப்பை வைத்துக்கொண்டு ஜன்னல் முன்னால் நின்றார்.

"அண்ணே, உங்க அப்பா பேரு இதுல இல்லீங்களே."

"நல்லாப் பாரும்மா. குத்தகைச் சண்டையில எங்கப்பன் மண்டைய உடைச்சுக்கிட்டு வாங்குன பதிவு அது. தழும்போடதான் செத்தாரு. ஒருவேளை ஒங்க கம்ப்யூட்டருக்கு அவரைப் புடிக்கலையோ?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நாளைக்கு வாருங்கள் என்று அக்கா அனுப்பிவிட்டார்.

அன்று மதியம் கடையில் அக்கா டப்பாவைத் திறக்கவில்லை.

"அழிச்சது நான். அவரு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாரு தம்பி" என்றார்.

பாய் மெஷினில் தாள் போட்டுக்கொண்டே கேட்டார். "இப்ப என்ன பண்ணப் போறே?"

"திரும்பப் போட்டுடலாம்னு இருக்கேன் பாய். சார் நாளைக்கு மக வளைகாப்புக்கு லீவு."

"அவரு சொல்லாம அவரு பேருல உள்ள போவியா? அது திருட்டும்மா. சாவி கையில கெடக்குன்னு அடுத்தவன் வீட்டுக்குள்ள போவலாமா?"

"இத்தனை வருஷமா போயிட்டுதானே இருக்கேன்?"

"அது அவரு அனுப்பிப் போனது."

"அனுப்பிப் போயி ஒருத்தர் வயித்துல அடிச்சிட்டு வந்தேன். அது வேலையாம். அனுப்பாமப் போயி திருப்பிக் கொடுத்தா அது திருட்டா? இது எந்த ஊரு நியாயம் பாய்?"

பாய் மெஷின் மூடியைச் சாத்தினார். "காயாரோகணத்துக்கிட்ட வெவரத்தைச் சொல்லு. அவரு வழக்குப் போடட்டும். நீ சாட்சி சொல்லு."

"வழக்கு முடியறதுக்குள்ள பஞ்சநதம் அதுல ரெண்டு போகம் அறுத்திருப்பாரு."

பாய் சொன்னதும் சரியாகப் பட்டது, அக்கா சொன்னதும் சரியாகப் பட்டது. நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் முற்பகலில், வெளியே ஆட்கள் வரிசையில் நிற்கும்போதே, அக்கா வைத்தியலிங்கம் சாராக உள்ளே போய்க் குத்தகைப் பதிவைத் திரும்ப ஏற்றினார். அங்கேதான் அந்தப் பிசகு நடந்தது. எங்கள் பக்கத்தில் அப்பன் செத்தால் மகன் ஏர் பிடிப்பான். களத்தில் நெல்லை அளந்து நிலத்துக்காரரிடம் கொடுப்பான். ஆபீசுக்குப் போய்ப் பெயரை மாற்ற யாருக்கும் தோன்றாது. உரத்துக்கும் காப்பீட்டுக்கும் செத்தவர் பெயரோடு வந்து, திட்டு வாங்கித் திரும்புகிறவர்களை அக்கா தினம் பார்த்தவர். செய்வதுதான் செய்கிறோம், சரியாகவே செய்துவிடலாம் என்று நினைத்தார். நாகநாதன் இருந்த இடத்தில் காயாரோகணம் என்று போட்டார்.

பழைய பெயரையே போட்டிருந்தால், எடுத்தது சரியாகப் பதியவில்லை என்று நினைத்திருப்பார்கள். வங்கிக்காக நகல் எடுக்க வந்த பஞ்சநதம் புதுப் பெயரைப் பார்த்தார். புதுப் பெயர் ஏற வேண்டுமென்றால் உத்தரவு வேண்டும். உத்தரவு இல்லை. ஒப்புதல் தந்த நாளில் தாசில்தார் லீவு.

வைத்தியலிங்கம் சார் போலீசுக்குப் புகார் எழுதினார். தன் கணக்கைத் திருடி அரசு ஆவணத்தில் பொய்ப் பதிவு செய்ததாக அக்கா மேல். தூண்டியதாகக் காயாரோகணம் மேல். மேலிருந்து ஓர் அதிகாரி விசாரணைக்கு வந்தார். கதவு திறந்தே இருந்ததால் வராந்தாவில் எல்லோருக்கும் கேட்டது.

"இது ஹேக்கிங். ஜெயிலுக்குப் போற குத்தம். தெரியுமாம்மா?"

"அதுக்கு முன்னாடி நாகநாதன் பேரை எடுத்ததும் நான்தான் சார். அதே மெஷின், அதே பாஸ்வேர்டு. அது என்ன சார்?"

"அது ஆபீஸ் வேலை. அதுல பதிவான ஒப்புதல் இருக்கு."

"ரெண்டுலயும் அதே ஒப்புதல்தான் இருக்கு சார்."

அதிகாரி அடுத்த கேள்விக்குப் போனார்.

காயாரோகணம் வீட்டிலிருந்து பழைய முத்திரை போட்ட நகலைக் கொண்டுவந்தார். அதில் அப்பா பெயர். பஞ்சநதத்தின் வக்கீல் அதையும் கம்ப்யூட்டர் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் ஒரு பெயர், இன்னொன்றில் வேறு பெயர். இவர்கள் பொய்யாகப் பெயர் ஏற்றுகிறவர்கள், அந்தப் பழைய தாளும் அப்படி வந்ததுதான் என்றார். உண்மையான அந்தத் தாள் அன்றோடு செல்லாததாகிவிட்டது.

இன்ஸ்பெக்டர் இன்னும் வழக்குப் பதிவு செய்யவில்லை. ஸ்டேஷனில் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினார். காயாரோகணம் நிலத்தை விட்டுக் கொடுத்ததாக எழுதித் தந்தால், தாசில்தார் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வார். இல்லையென்றால் இரண்டு பேரும் உள்ளே. பாயும் நானும் அக்காவுக்குத் துணையாகப் போயிருந்தோம்.

"எழுதாதீங்கண்ணே" என்றார் அக்கா. "நான் போறேன் ஜெயிலுக்கு. நீங்க என்னைச் செய்யச் சொல்லவே இல்லை. கேஸ் நிக்காது."

"சும்மா இரும்மா."

"உங்க அப்பா மண்டை ஒடைஞ்சு வாங்கினதுன்னீங்களே?"

"அவரு மண்டைய அவரு ஒடைச்சுக்கிட்டாரு. உன்னைய உள்ள தள்ளிட்டு நான் அந்தச் சேத்துல எறங்க முடியுமா?" அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஏம்மா, எங்கப்பன் பேரையே போட்டிருக்கக் கூடாதா? என் பேரை யாரு கேட்டா?"

பஞ்சநதம் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். "கோவிச்சுக்காதீங்க. நெலத்துல வேலை எப்பவும் இருக்கும், நீங்களே வந்து பாருங்க" என்றார். நல்ல மனதோடு சொன்னது போலத்தான் இருந்தது. காயாரோகணம் கையெழுத்துப் போட்டார்.

அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். புது ஆளாக ஒரு பெண் வந்தது. நீக்க உத்தரவு முறைப்படி வந்தபோது, குத்தகைப் பதிவிலிருந்து ஒரு பெயரை மட்டும் எப்படி எடுப்பது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. வைத்தியலிங்கம் சார் ஆளனுப்பினார். "ஒரு நிமிஷம் வந்து காட்டிட்டுப் போகச் சொல்லு."

எங்கள் கடைக்கு ஏதோ தாளெடுக்க வந்திருந்த அக்கா கேட்டுவிட்டு எழுந்து போனார். நகல் கட்டைக் கொடுக்கும் சாக்கில் நானும் பின்னாலேயே போனேன். காயாரோகணத்தையும் வரச் சொல்லியிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்றார்.

அக்கா நாற்காலியில் உட்காரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எங்கே அழுத்துவது என்று வாயால் மட்டும் சொன்னார். அந்தப் பெண் பயத்தில் எதையோ அழுத்த, அடுத்த வயலின் பெயரும் சேர்ந்து தேர்வாகி நின்றது.

"ஐயோ, அது இல்லம்மா" என்றார் அக்கா. கை முன்னால் வரவில்லை.

காயாரோகணம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்தார்.

"நீயே பண்ணிடும்மா. தெரியாதவங்க தொட்டா, பாவம், பக்கத்து வயக்காரன் பேரும் போயிடப் போவுது."

அக்கா உட்கார்ந்தார். பக்கத்து வயலைத் தேர்விலிருந்து விடுவித்தார். காயாரோகணம் என்ற பெயரை மட்டும் எடுத்தார்.

"முடிஞ்சிச்சா?"

"முடிஞ்சிச்சுண்ணே."

அவர் செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டு, பேராவூரணி பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார். அங்கே தேங்காய் உரிக்க ஆள் எடுக்கிறார்களாம்.