கிழியாத சவ்வு

தொண்ணூறுகளின் கடைசியில், திண்டுக்கல்லுக்கு வெளியே வடமதுரை போகும் சாலையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு ஐந்து. சவ்வு என்றால் என்னவென்று மகள் கேட்டாள் என்பதற்காக ஒரு முட்டையை வினிகரில் ஊறப்போட்டேன். ஓடு கரைந்து, மெல்லிய தோலோடு முட்டை மட்டும் மிஞ்சியது. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே மஞ்சள் கரு மெதுவாக நகர்ந்தது.

"இந்தத் தோல்தான் சவ்வு. உள்ள இருக்கிறதச் சிந்தாமப் பிடிச்சு வச்சிருக்கு. தண்ணி மாதிரி சிலத மட்டும் உள்ள விடும்."

மகன் விரலை நீட்டினான். அக்கா தட்டிவிட்டாள். "ஏலே, குத்துன... அம்புட்டும் ஒன் சட்டையிலதான்!"

"குத்துனா என்னம்மா ஆகும்?" என்றான் மகன்.

"கிழிஞ்சா உள்ள இருக்கிறது செத்துப்போகும். தொடக்கூடாது" என்றேன். மேசை நாறிவிடுமே என்பதுதான் என் கவலை.

அந்த வாரமே, அய்யலூர்ச் சந்தையில் வாங்கிய சினையாடு கொல்லையில் ஈன்றது. நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே பிள்ளைகளின் சத்தமே இல்லை. இறங்கி ஓடினேன்.

இருவரும் வேலியோரம் குந்தியிருந்தார்கள். முன்னால் மண்ணில், பளபளக்கும் பைக்குள் குட்டி கிடந்தது. ஆட்டுக்கு அது முதல் ஈத்து. நக்கிக் கிழிக்கத் தெரியாமல் மிரண்டு தள்ளி நின்றது. குட்டியின் திறந்த வாயில் சவ்வு ஒட்டியிருந்தது. கண்ணும் திறந்திருந்தது.

"எம்புட்டு நேரமா இப்படிக் கெடக்கு?"

"ரொம்ப நேரமா. குட்டி உள்ள முட்டி முட்டிப் பாத்துச்சும்மா. நாங்க தொடவே இல்ல" என்றாள் மகள், பெருமையாக.

"வாயத் தெறந்து தெறந்து என்னயக் கூப்ட்டுச்சு" என்றான் மகன். "இப்பதான் தூங்குது."

நகத்தால் கிழித்தேன். மூக்கிலிருந்த கோழையை வழித்தேன். பின்னங்கால்களைப் பிடித்துத் தலைகீழாக ஆட்டினேன், முந்தானையால் நெஞ்சைத் தேய்த்தேன். உடம்பில் இன்னும் சூடு இருந்தது. மூச்சு வரவில்லை.

மகன் அழ ஆரம்பித்தான். "நீ கிழிச்சிட்டம்மா! அதான் செத்துப்போச்சு!"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வெளியே வந்த பிறகு காற்று வேண்டும், சவ்வு அதை விடாது என்று விளக்கியிருக்கலாம். விளக்கினால், தாங்கள் இவ்வளவு நேரம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று இருவருக்கும் புரிந்துவிடும்.

"ஆமா அப்பு, அம்மா கிழிச்சிட்டேன்" என்றேன்.

மகள் என் கையிலிருந்த குட்டியையே பார்த்தபடி, தன் மூக்கையும் வாயையும் உள்ளங்கையால் இறுக்கி மூடிக்கொண்டாள். நான் பிடித்து இழுக்கும்வரை கையை எடுக்கவில்லை.