தக்கலைக்காரரின் திசைப்பெட்டி

என் வீட்டுக்காரருக்குக் கடலைக் கண்டாலே வயிறு கலங்கும். தக்கலையில் பஸ்களுக்கு வயரிங் செய்துகொண்டிருந்தவர். அவரைக் கட்டிக்கொண்டு நான் இரண்டு வருடம் பஸ் புகையில் இருமினேன். எங்கள் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேருவதற்கு முந்தைய வருடம், தேங்காய்ப்பட்டணத்தில் என் அண்ணன் தன் மீன்பிடி வள்ளத்துக்கு மோட்டார் பூட்டினான். இதுதான் சாக்கு என்று, மோட்டாரைக் கவனிக்க இவரை இழுத்துக்கொண்டு பிறந்த கரைக்கே வந்துவிட்டேன். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அண்ணனுக்கு அவ்வளவாக இல்லை. தங்கை புருஷனை முறைப்படி அளியா என்று கூப்பிட வேண்டியவன், "தக்கலைக்காரரே" என்றுதான் கூப்பிடுவான்.

இவரும் மோட்டாரோடு நிற்கிற ஆள் இல்லை. வலையைச் சரிசெய்யக் கை போதாத வள்ளத்தில், ஒருவன் வழி நெடுகச் சுக்கானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இவருக்குப் பொறுக்கவில்லை. சுக்கான் பிடியை இரண்டு பக்கமும் பழைய சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டினார். கையை விட்டாலும் வள்ளம் திருப்பிவிட்ட திசையிலேயே போகும். திசை பிசகுகிறதா என்று பார்க்க, பழைய சாமான் கடையில் கிடைத்த காம்பஸை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து சுக்கானுக்கு முன்னால் பூட்டினார். விடியுமுன் போகிறவர்களுக்கு முள் தெரிய வேண்டுமே என்று பேட்டரியிலிருந்து வயர் இழுத்து, பெட்டிக்குள் ஒரு குட்டி பல்பும் போட்டார்.

அண்ணன் பெட்டியைத் தட்டிப் பார்த்தான். "இது பொய் சொன்னா கடல்லே போடுவேன். பின்னே நீரும் தக்கலைக்கே போயிரும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் சொன்னதைச் செய்கிறவன்.

பெட்டி பொய்தான் சொன்னது. மலையையும் கோயில் கோபுரத்தையும் சேர்த்துப் பார்த்து இடம் குறிப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். மலை ஒரு திசை சொல்ல, முள் வேறு திசையைக் காட்டியிருக்கிறது.

"டியூப் நல்லாப் பிடிக்கு. முள்ளுதான் கோணலு. நாளைக்கு இன்னும் ஒருக்கா பாப்பேன், அவ்வளவுதான்" என்றான் அண்ணன்.

இவர் முகம் சுண்டிப்போயிற்று. வயரில் ஓடும் கரண்டும் முள்ளை இழுக்கும் என்று சொல்லி, இரண்டு வயரையும் சடைபோல முறுக்கினார். முள் அசையவில்லை. பேட்டரியையே கழற்றினார். அப்போதும் அதே கோணல். நான் வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டினேன். மறுபடி அந்தப் புகையா என்று அழுகை முட்டியது.

சாயங்காலம் அம்மாவும் நானும் இவருக்குச் சோறு கொண்டுபோனபோது, இவர் பெட்டியைப் பலகையிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார். அம்மா பதறினாள்.

"அதுக்க அடியிலே இருக்கியத மட்டும் எடுக்காதே மக்கா."

அடியில், குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்த ஓலை சுற்றிய ஒரு மாட்டு லாடம் இருந்தது. பச்சைப் பிள்ளையின் பாய்க்கு அடியிலும் இரும்பு வைக்கிறவள் அம்மா. "புதுச் சாமானுக்குக் கண்ணு படாதா? அதான் ஒட்டி வச்சேன்" என்றாள்.

இவர் லாடத்தை எடுத்து அப்பால் வைத்ததும் முள் மெல்லத் திரும்பி நின்றது. எனக்கு உயிர் வந்தது. அம்மாவுக்குப் போயிற்று. "இரும்பு இல்லாம என் மோனைக் கடலுக்கு விட மாட்டேன்."

இவர் காந்தப் பாடம் எதுவும் நடத்தவில்லை. லாடத்தைக் கொண்டுபோய், ஓலையோடு சேர்த்து வள்ளத்தின் முன்மூக்கில் தன் கையாலேயே ஆணியடித்தார். "எதிரே வாற கண்ணு முதல்ல இதிலேதான் படும், மாமி." அம்மா தொட்டுப் பார்த்துச் சரி என்றாள்.

மறுநாள் அண்ணன் கடலுக்குப் போன பிறகு மழை மூட்டம். மலையும் இல்லை, கோபுரமும் இல்லை. மணலில் நாங்கள் மூவரும் நின்றோம். வெகுநேரம் கழித்து மூட்டத்துக்குள்ளிருந்து வள்ளம் நேராக எங்கள் துறையைப் பார்த்து வந்தது. சுக்கானில் யாரும் இல்லை. அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, சும்மா நின்றிருந்தான். கரையை நெருங்கிய பிறகுதான் பிடியைத் தொட்டான்.

"அளியா," என்று கூப்பிட்டான். "நாளைக்கு நீரும் ஏறும். உம்மக்க பெட்டியை நீரே வந்து பாரும்."

இவருக்கு வயிறு கலங்கியது முகத்திலேயே தெரிந்தது. நான் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சாக்கை அவிழ்த்தேன்.