நான் வெட்டிய முத்திரை

கனடாவின் ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டில் சண்டை வந்தால், பெரும்பாலும் சாம்பாரில் புளி போதாதது பற்றித்தான் இருக்கும். இந்த மாதம் ஒரு முத்திரையைப் பற்றி வந்தது.

நான் சர்வதேச அணுப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள். எரிபொருள் கலன்களை அளந்து, கம்பி கட்டி, கட்டைவிரல் அளவு உலோக முத்திரை வைப்போம். அடுத்த முறை போகும்போது அது உடையாமல் இருந்தால், யாரும் உள்ளே கைவைக்கவில்லை என்று அர்த்தம். அணுகுண்டு வைத்திருக்கும் நாடுகளிடம் எங்கள் பேச்சு எடுபடாது. வைத்துக்கொள்ள மாட்டோம் என்று கையெழுத்திட்டவர்களின் கதவைத்தான் தட்டுவோம். இதில் என்ன நியாயம் என்று எனக்கு அன்றும் கோபம், இன்றும் கோபம்.

நான் பிறந்த இந்தியாவை வைத்துச் சக ஊழியர்கள் சீண்டுவார்கள். அமைதிக்கென்று கனடா கொடுத்த அணு உலையிலிருந்துதான், இந்தியா பாலைவனத்தில் வெடித்த குண்டுக்கான பொருள் வந்தது. வாய்வார்த்தை போதாது என்று உலகம் கெடுபிடிகளைக் கூட்டியது அதன் பிறகுதான். உங்கள் ஊர்க்காரர்கள் புண்ணியத்தில்தான் உனக்குச் சம்பளம் என்பார்கள். சிரித்து வைப்பேன்.

என் கடைசிப் பயணங்களில் ஒன்றில், ஒரு நாட்டின் கிடங்கில், சோதனைக்காகப் பழைய முத்திரைகளை வெட்டி எடுக்கும்போது, பக்கத்துக் கலனின் முத்திரையையும் தவறாக வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். முத்திரையின் எண்ணைப் படித்த பிறகே வெட்ட வேண்டும். எத்தனையோ வருடப் பழக்கம் தந்த திமிரில் கை முந்திக்கொண்டது. மறுநாள் காலை பையைத் திறந்தபோதுதான் தெரிந்தது. இரவு முழுவதும் அந்தக் கலன் முத்திரையில்லாமல் இருந்திருக்கிறது. திரும்ப அளக்க நாள்கணக்காகும். எனக்கு மாலையில் விமானம். புதிய முத்திரையைக் கட்டி, வழக்கமான மாற்றம் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

இப்போது அந்த நாடு கேமராக்களை அணைத்துவிட்டது, பரிசோதகர்களை வெளியேற்றிவிட்டது. கடைசியாக உள்ளே என்ன இருந்தது என்பதற்கு எங்கள் பழைய அறிக்கைகள்தான் மிச்சம். அலுவலகத்திலிருந்து ஒருவர் அழைத்து, உங்கள் அறிக்கையை அப்படியே நம்பலாமா என்று கேட்டார். நாளை சொல்கிறேன் என்றேன்.

என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர், அகதியாக வந்தவர். ஜான்-டலோன் சந்தையில் வாங்கிய கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"சொல்லாதையும். என்ர அகதி விசாரணையில ஒரு திகதி பிழைச்சுப் போச்சு. பேந்து நான் சொன்ன உண்மை ஒண்டையும் அவங்கள் நம்பேல்லை. நீர் ஒரு பிழையை ஒத்துக்கொண்டா, அவங்கள் எல்லாமே பொய் எண்டுவாங்கள். அந்த நாட்டில குண்டு போடக் காத்திருக்கிறவனுக்கும் அது வாய்ப்பாப் போயிடும்."

"அதுக்காக மறைச்சுட்டா சரியாயிடுமா?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. பயமாக் கிடக்கு எண்டுதான் சொல்லுறன்."

எனக்கும் பயம்தான். அந்த ஓர் இரவில் ஒன்றும் நடந்திருக்காது என்று மனம் அடித்துச் சொல்கிறது. ஆனால் இதே பதிலைச் சொன்ன எத்தனை அதிகாரிகளிடம் முகத்தில் அடித்தாற்போல் ஆதாரம் கேட்டிருக்கிறேன்!

மறுநாள் அழைத்துச் சொல்லிவிட்டேன். அலுவலகத்தில் இருந்தவர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு, இது ஒன்று மட்டும்தானா என்று கேட்டார்.

ஒன்றுதான் என்றேன். அது உண்மை. அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டார். என்னிடம் இல்லை.